70 கொண்டை ஊசிகளும் ஒரு முன் பிரேக்கும்

கொல்லிமலைக்கு பைக்கில் கிளம்பும் கோஷ்டியிடம் 'என்னப்பா விசேஷம்?' என்று கேட்டுப் பாருங்கள். அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவியெல்லாம் அப்புறம்தான். முதலில் வரும் பதில், 'எழுபது கொண்டை ஊசி வளைவு ஸார்!'

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் தாண்டி, அடிவாரம் காரவள்ளி வரை ரோடு பரம சாது. அதன் பிறகுதான் ஆட்டம் ஆரம்பம். ஒவ்வொரு வளைவும் 'இன்னும் இத்தனை பாக்கி' என்று நம்மை மிரட்டும்.

ஏறும்போது ஒரு விஷயம் கவனிக்கலாம். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஹேண்டில்பார் லேசாகி விடும். டவுன் பஸ் வெடுக்கென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருக்கும் ஆசாமி பின்னால் சாய்கிறாரே, அதே கதைதான். வண்டி முன்னால் பாயும்போது சக்கரங்கள் சுமக்கும் கனம் பின்பக்கம் போகிறது. மலைச் சரிவும் அதற்கு ஒத்து ஊதுகிறது. பின் சீட்டில் நண்பர், அவருக்குப் பின்னால் கட்டிய மூட்டை என்றால் முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடும். வளைவில் ஹேண்டிலைத் திருப்புவீர்கள். வண்டி 'எனக்கென்ன' என்று நேரே போகும். மூட்டையை டாங்க் மேல் வைத்து, முறுக்கலை நிதானமாக்கினால் பிழைத்தோம்.

நிஜமான பரீட்சை இறங்கும்போது. மேலே சோளக்காட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் சொன்னார்: "ஏறுன கியர்லயே எறங்கோணுமுங்க. நியூட்ரல்ல உட்டீங்கன்னா, மலை உங்கள எறக்கி உட்டுரும்!"

நம் ஆட்களுக்கு இன்னொரு நம்பிக்கை உண்டு: 'முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம்.' அதனால் வலது கால் மட்டும் பின் பிரேக்கை விடாமல் மிதிக்கும். கணக்கைப் பாருங்கள். வண்டி, இரண்டு பேர், எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் சும்மா நிற்கும்போது முன் சக்கரத்தில் 100, பின் சக்கரத்தில் 150. மணிக்கு 40 கி.மீ. வேகத்தை 13 மீட்டரில் நிறுத்துகிற மாதிரி பிரேக் பிடித்தால் முன்னால் 160 ஆகிவிடும், பின்னால் 90தான் மிஞ்சும். பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் அது சுமார் 175, 75. பின் சக்கரத்தின் கனம் பாதியாகி விட்டது!

காரணம், பிரேக் இழுப்பது தரை மட்டத்தில். நாமும் வண்டியும் கனமாக இருப்பது அதற்கு இரண்டடி மேலே. கீழே இழுத்துப் பிடிக்க, மேல் பாதி முன்னால் ஓடப் பார்க்கிறது. அந்தச் சுமையை முன் சக்கரம்தான் தாங்கியாக வேண்டும்.

கனம் இருக்கிற இடத்தில்தான் டயருக்குப் பிடிப்பு. லேசாகிப்போன பின் சக்கரத்தை மிதித்தால் அது சுற்றுவதை நிறுத்திச் சறுக்கும். எனவே முன் பிரேக்தான் நம் ஆபத்பாந்தவன். ஆனால் வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. கனம் முன்னால் வந்து சேர ஒரு கணம் தேவை. எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி, மெதுவாக ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்டுங்கள். பின் பிரேக்கும் கூடவே ஒத்தாசை பண்ணட்டும்.

இதையெல்லாம் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். டயருக்கு இருப்பது ஒரே கையிருப்பு. அதைத் திரும்பவும் நிறுத்தவும் பங்கு போட்டால் இரண்டுக்கும் பற்றாது, மாசக் கடைசி சம்பளம் மாதிரி. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். இல்லாத பிடிப்பை அதனாலும் உண்டாக்க முடியாது.

பத்திரமாகக் காரவள்ளி வந்ததும் இறங்கி நின்று மலையைப் பாருங்கள். ஆசையாக பிரேக் டிஸ்க்கை மட்டும் தொட்டுவிடாதீர்கள். மலை தள்ளிவிட்ட வேகத்தில் பாதி அங்கேதான் சூடாகக் குடியிருக்கும்!