மணியின் மூச்சு

நம் வீட்டு நாய்க்கு மணி என்று பெயர். வெள்ளை ரோமமும் குட்டை உருவமும் கொண்ட அதற்கு வயது 12. ஒரு காலத்தில் கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலையேறி, நம்மோடு வெள்ளிமலை வரை வந்து, நம்மைவிட உற்சாகமாகத் திரும்பிய பிராணி. சென்ற மார்கழியில் அது இரவுதோறும் இருமத் தொடங்கியது. "பனிக்காலம், தொண்டை கட்டியிருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னோம். பட்டதாரி உபாத்தியாயரின் தீர்ப்புக்கு வீட்டில் அப்பீல் ஏது?

மூன்று வாரம் கழிந்தது. மலையிலிருந்து வந்து நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவன் நோட்டுப் புஸ்தகம் பெற்றுப்போக வந்தான். திண்ணையில் தூங்கிய மணியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தான்.

"ஸார், தூங்கறப்பவும் விலா இப்படி அடிக்குதே! எங்க ஊரிலே ஆடு இப்படி மூச்சு விட்டா, அன்னிக்கே யாரையாவது கூட்டி வந்து காட்டுவோம்" என்றான்.

கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினோம். நிமிஷத்துக்கு 44. தூங்கும் நாய்க்கு அது 30ஐத் தாண்டலாகாது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம்.

கால்நடை வைத்தியர் மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு எக்ஸ்ரே எடுத்தார். 1895இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த கதிர், நம் மணியின் மார்பைத் திரையில் விரித்துக் காட்டியது. நமக்கு விலா 12 ஜோடி; நாய்க்கு 13. அவற்றின் நடுவே வெண்ணிழலாக இருதயம். அதன் நீள அகலங்களை முதுகெலும்புக் கணுக்களோடு ஒப்பிட்டு எண்ணும் முறை ஒன்று 1995இல் வெளியாயிற்று. பெரும்பாலான நாய்களுக்கு அந்த எண் பத்தரைக்குள் அடங்குமாம், மணிக்கு 12. இடப்புற வால்வு தடித்துக் கசிய, இரத்தம் பின்னே திரும்பி, மேலறை வீங்கி, மூச்சுக்குழலின் கிளையை அழுத்துகிறது. நுரையீரலிலும் நீர் கோத்திருக்கிறது. வயதான சிறு ஜாதி நாய்களுக்கு இது சகஜம் என்றார். தொண்டை ஒரு பாவமும் அறியாது!

பூனை வளர்ப்போர் நிம்மதியடைய வேண்டாம். பூனைக்குப் பெரும்பாலும் இருதயத் தசையே தடிக்கிறது. அது இருமிக் காட்டிக்கொடுப்பது அபூர்வம். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஒலியலையால் எடுக்கும் 'எக்கோ' படத்தில்தான் சுவரின் கனம் வெளிப்படும்.

1909இல் லண்டன் ராயல் சொஸைட்டியில் வாலர் என்ற அறிஞர், ஜிம்மி என்னும் தம் புல்டாக் நாயின் காலை உப்புநீரில் வைத்து, அதன் இருதயத்து மின்சாரத்தைச் சபையோருக்குக் காட்டினார். நாயைக் கொடுமைப்படுத்தலாமா என்று பார்லிமெண்டிலேயே கேள்வி எழுந்தது. ஜிம்மிக்கு நனைந்தது கால் மட்டுமே. மணியை மூன்று வாரம் மூச்சுத் திணற விட்ட நம்மைக் கேள்வி கேட்டவன் ஒரு மலைப் பையன் மாத்திரமே.

நீர் பிரிக்க ஒரு மாத்திரை, இருதயத்துக்கு வலுவூட்ட ஒரு மாத்திரை. இவை வியாதியைத் தீர்க்கமாட்டா. நாட்களைக் கூட்டித் தரும். இரவுதோறும் எண்ணுகிறோம். நேற்று 26.

இப்போது நம் வகுப்பில் இருதயப் பாடத்துக்கு முன் ஒரு வீட்டு வேலை உண்டு: தூங்கும் பிராணி ஒன்றின் மூச்சை எண்ணி வரவேண்டும். இது யாருடைய யோசனை என்று பிள்ளைகள் கேட்கும்போது, கடைசி பெஞ்சில் ஒருவன் தலையைக் குனிந்துகொள்கிறான்.