நாற்காலியை விடாதவர்கள்

2022 பிப்ரவரியில் ஒரு பின்னிரவு, மணி 2-ஐத் தாண்டிவிட்டது. சென்னையைச் சேர்ந்த 16 வயது பிரக்ஞானந்தா கணினித் திரையின் முன் உட்கார்ந்து, கருப்புக் காய்களோடு, உலக செஸ் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனை 39 நகர்த்தல்களில் பணிய வைத்தார். ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் இணையவழி ரேபிட் போட்டி அது. ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடுதல். எப்படிக் கொண்டாடப்போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், போய்த் தூங்கப்போவதாகச் சொன்னார். அந்த நேரத்தில் சாப்பாடுகூட வேண்டாமாம்!

இருவருக்கும் ரேட்டிங்கில் ஏறக்குறைய 250 புள்ளி வித்தியாசம். அப்படியானால் பெரியவர் 100 ஆட்டத்தில் 80 புள்ளி எடுத்துவிடுவார் என்கிறது ஈலோ கணக்கு. மிச்சம் 20 இருக்கிறதே, ரேபிட் ஆட்டத்தின் ருசியெல்லாம் அதில்தான். பெரியவருக்கும் கடிகாரம் ஓடும்.

சென்னைக்கு இந்தக் கடிகாரப் பழக்கம் புதிதல்ல. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவேல் ஆரன் 1972-ல் சோவியத் கலாச்சார மையத்தில் ஒரு செஸ் கிளப்பைத் தொடங்கினார். வைத்த பெயர் மிகைல் தால். நிதானஸ்தர்கள் எத்தனையோ பேர் இருக்க, காய்களை அள்ளிக் கொடுத்துவிட்டு ராஜாவைத் துரத்திய மனிதரின் பெயர்! அம்மா சுசீலாவிடம் ஆட்டம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த், சிறுவனாக அங்கே போனார். பலகைகள் குறைவு, ஆட வந்தவர்கள் அதிகம். அதனால் எல்லாம் சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டம். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஜெயித்தவர் நாற்காலியை விட வேண்டாம். எதிரே இருப்பவர் தன்னைவிட எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று அளந்து பார்க்கப் பையனுக்கு ஏது நேரம்? யோசித்துக்கொண்டே இருந்தால் நேரம் தீர்ந்து கடிகாரத்தின் கொடி விழுந்துவிடும், வரிசையில் நின்று கால் வலிக்கும். சிறுவயதில் அவர் அவ்வளவு மளமளவென்று ஆடியதற்கு மேதைமையோடு அந்த நாற்காலித் தட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு.

தாலும் லேசுப்பட்டவர் அல்ல. 1988-ல் கனடாவில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியில் காஸ்பரோவும் கார்ப்போவும் ஆடினார்கள். பட்டத்தைக் கொண்டுபோனவர் 51 வயதுத் தால்.

2013 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை ஹயாத் ஹோட்டலில், மணிக்கணக்கில் யோசிக்கலாம் என்ற ஏற்பாட்டில், சொந்த ஊர்க்காரரான ஆனந்த், கார்ல்சனிடம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் உலக சாம்பியன் பட்டத்தை இழந்தார். ஊரே சோர்ந்துபோனது. 2017 டிசம்பரில் ரியாத்தில் உலக ரேபிட் போட்டி. அங்கேயும் 15 நிமிடம், 10 விநாடி. 48 வயது ஆனந்த், வழியில் கார்ல்சனையும் வீழ்த்திவிட்டுப் பட்டத்தோடு எழுந்தார்.