கருகிய காயில் சொல்லும்

எரிந்துபோன மோட்டாரைத் திறந்து பார்த்தால், அது ஏன் எரிந்தது என்பதை உள்ளே இருக்கும் காயில், அதாவது கம்பிச்சுருளே, சொல்லிவிடும். சுற்றிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் பாரம் கூடியிருக்கிறது, அல்லது வோல்டேஜ் குறைவாக வந்தும் நெடுநேரம் ஓடியிருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் வெந்திருந்தால், அங்கே கம்பியின் எனாமல் பூச்சு விட்டுப்போய்ச் சுற்றோடு சுற்று ஒட்டியிருக்கிறது. மூன்று பேஸில் ஒன்று வராமலே ஓடிய மோட்டார் என்றால் அடையாளம் இன்னும் தெளிவு. ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸின் காயில் கருகி, மூன்றாவது புதிது போலவே இருக்கும். டெல்டாவில் ஒன்று மட்டும் கருகும்.

இதை எனக்கு விளக்கிய அக்கா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். கோவை கணபதியில் என் மாமாவின் பட்டறையில் காயில் கட்டுகிறார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது மாமாதான்.

மாமா, அம்மாவின் தம்பி. பொறியியல் படித்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். பிறகு சொந்தமாக ரீவைண்டிங் பட்டறை போட்டார். கடந்த மாசியில் இறந்துபோனார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் தங்கமான மனுஷன் என்றார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் பகலெல்லாம் அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் கருமாதி முடிந்ததும் பட்டறைக்குப் போனேன்.

கோவைக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு பழையது. 1932இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியபின் ஊரில் மில்கள் பெருகின. கிணற்றடியில் மாடு கட்டிக் கவலை இறைத்த இடத்துக்குப் பம்ப்செட் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து இங்கேயே மோட்டார் செய்தார்கள். செய்தவர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எரிந்ததைத் திரும்ப ஓட வைக்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதிப் படித்ததாக எனக்கு நினைவில்லை. சித்திரை வெயிலில் மோட்டார் நின்று, நான்கு நாள் தண்ணீர் பாயாவிட்டால் வாழைத்தோட்டம் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பட்டறைகளின் அருமை புரியும்.

பழைய காயிலை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. வார்னிஷ் இறுகிக் கல்லாகிக் கிடக்கும். பல இடங்களில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்துவிடுவார்கள். கம்பி சுலபமாகக் கழன்று வரும். மாமா பட்டறையில் தீக்குச்சி கூடாது. ஒரு பக்கத்துக் கம்பியை உளியால் வெட்டிவிட்டு, காயில் பொதிந்திருக்கும் ஸ்டேட்டரை மூடிய அடுப்பில் அளவான சூட்டில் வைத்து இளக்கித்தான் உருவ வேண்டும்.

"தீ வெச்சா வேலை வெரசா முடிஞ்சிரும் தம்பி. ஆனா கோர் போயிரும். அப்பறம் எத்தன நல்லாச் சுத்துனாலும் மோட்டாரு சூடாயிட்டேதான் இருக்கும்னு சொல்லுவாருங்க," என்றார் அந்த அக்கா.

கோர் என்பது ஸ்டேட்டரின் இரும்பு. அது ஒரே கட்டி அல்ல. மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்தது. ஒவ்வொரு தகட்டின் மேலும் மின்சாரம் தாண்டாதபடி ஒரு பூச்சு உண்டு. நெருப்பில் அந்தப் பூச்சு போய்விட்டால் தகடுகளுக்கு நடுவே மின்சாரம் சுழன்று வீணாகும், சூடேறும். மோட்டார் ஓடும், ஆனால் கரண்டும் அதிகம் தின்னும், ஆயுளும் குறையும். விவசாயிக்கு இது தெரியவே வராது. தெரிய வராத இடத்தில் ஒழுங்காக வேலை செய்ததுதான் மாமாவின் பெரிய குணம் என்று நினைக்கிறேன்.

ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்குத் தனி இடம். இங்கே ஆயிரம் அடிக்கும் கீழே இறக்குகிறார்கள். அந்த மோட்டாரின் காயில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். ஆகவே கம்பியே பிளாஸ்டிக் உறை போட்டது. ஸ்டேட்டர் நீளக் குழாய் மாதிரி இருக்கும். இரண்டு பெண்கள் இரு முனையிலும் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றாகக் கம்பியை ஸ்லாட்டுக்குள் விட்டு இழுக்கிறார்கள். பேசிக்கொண்டே இழுக்கிறார்கள், எண்ணிக்கை மட்டும் தவறுவதில்லை. உறையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் புகுந்து எல்லாம் பாழ். அதனால் வளையல், மோதிரம் எல்லாம் கழற்றி டப்பாவில். மேசைக்கு மேசை ஒரு நகவெட்டி கயிற்றில் தொங்குகிறது. கட்டி முடித்ததும் ஸ்டேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, காப்பைச் சோதிக்கும் மெக்கர் கருவி வைத்துப் பார்த்த பிறகே வெளியே போகும்.

இந்தத் தொழிலில் பெரும்பாலும் எச்.பி. கணக்கில் கூலி. அப்படிக் கொடுத்தால் கை அவசரப்படும், அவசரப்பட்டால் கம்பி கீறும் என்று மாமா மாதச் சம்பளம் கொடுத்தார். அதனால் லாபம் குறைந்தது என்று வீட்டிலே பேச்சு வந்ததுண்டு. அவர் மாற்றவில்லை. எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. அவர் செய்ததுதான் சரி.

அத்தை பள்ளி ஆசிரியை. காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால், மகள்கள் இருவருக்கும் தலைசீவிப் பின்னிவிடுவது மாமாவின் வேலை. வகிடு நூல் பிடித்தது போல இருக்கும். சாயங்காலம் அவர்கள் பட்டறைக்கு வந்து காயில் மேசையிலேயே வீட்டுப்பாடம் எழுதுவார்கள். பெரியவளுக்குப் பின்னத்தை அந்த அக்காதான் புரியவைத்தாராம், ஸ்லாட் எண்ணிக்கையை வைத்து. கோடையில் வேலை குவிந்தாலும் பெண்களை ஆறு மணிக்கு அனுப்பிவிட்டு, மாமா தனியாக உட்கார்ந்து கட்டுவார். அத்தை தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவந்து, அவர் கை கழுவி வரும்வரை பரீட்சைத்தாள் திருத்துவார்.

மாமாவுக்குக் கோபம் வருவது ஒரே ஒரு சொல்லுக்கு. ஏன் எரிந்தது என்று கேட்டால் "சும்மா எரிஞ்சிருச்சுங்க" என்று யாரும் சொல்லக்கூடாது. வந்த மோட்டார் ஒவ்வொன்றுக்கும் ஊர், எச்.பி., கம்பி கனம், சுற்று எண்ணிக்கை, எரிந்த காரணம் எல்லாம் நீள நோட்டில் எழுதியாக வேண்டும். ஒரே தோட்டத்து மோட்டார் மறுபடி வந்தால், அவரே வண்டி எடுத்துக்கொண்டு போய் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

நான் இருந்தபோது அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு 7.5 எச்.பி. மோட்டார் வந்தது. திறந்ததும் அக்கா புதிதாகச் சேர்ந்த பையனைக் கூப்பிட்டார். டெல்டா இணைப்பு, ஒரு பேஸ் கரி, இரண்டு பேஸ் பளபளவென்று இருந்தது. "என்னடா சாமி இது?" என்றார். "பேஸ் போயிருக்குங்க்கா." எழுதச் சொல்லிவிட்டு விவசாயிக்குப் போன் போட்டார்.

"ஏனுங், வியாழக்கெழம மோட்டாரு ரெடியாயிருமுங்க. அதுக்குள்ள ஸ்டார்ட்டர்ல சிங்கிள் பேஸிங் ப்ரிவெண்டர் மாட்டி வெச்சிருங்க. மாட்டாம வந்தீங்கன்னா தரமாட்டமுங்க... ஆமாங்க, சாரு இல்லீங்க. சட்டம் அவரு போட்டதுதானுங்க."