அப்பாவின் இடது காது

அண்ணன் இரண்டாம் கையாக ஒரு மெர்சிடிஸ் ஈ கிளாஸ் வாங்கியிருக்கிறார். தீபாவளிக்கு முந்தைய வாரம், “அப்பாவ ஈப்போவுக்கு இதுலயே கூட்டிட்டுப் போ, முதுகு வலிக்காது” என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டவில்லை. அண்ணன் ஆறடி. இருக்கையை நகர்த்தும் பொத்தான்கள் கதவிலேயே, சின்ன நாற்காலி வடிவத்தில் இருக்கின்றன. எனக்கு ஏற்றபடி வைத்து, ‘எம்’ பொத்தானையும் அடுத்து 2ஐயும் அழுத்தினேன். இனி 1 அண்ணனுக்கு, 2 எனக்கு. நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது தலை சாயும் பகுதியை. அது தூங்குவதற்கு இல்லை. பின்னாலிருந்து யாராவது மோதினால் கழுத்தைக் காப்பதற்கு. அதன் நடுப்பகுதி கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் அப்பாவுக்கும் உயர்த்தி வைத்தேன்.

“லோரியில இதெல்லாம் ஏது?” என்றார். முப்பது ஆண்டு லோரி ஓட்டியவர்.

ரவாங் தாண்டியதும் என் வானொலி நிகழ்ச்சியின் பதிவு ஒன்றைப் போட்டேன். கைப்பேசியில் அனுப்பினால் எப்போதும் “நல்லா இருக்கும்மா” என்பார், அவ்வளவுதான். அன்றும் அதையே சொன்னார். ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை. நான் சிரித்ததைப் பார்த்துவிட்டுப் பிறகு சிரித்தார்.

தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தினேன். ஓட்டிக்கொண்டே திரையைத் தட்டுகிற ஆள் நான் இல்லை. சுற்றிலும் ஒலி பரவும் அமைப்பு பாட்டுக்கு அழகு, பேச்சைக் கலைத்துவிடும். முதலில் அதை அணைத்தேன். பிறகு ஏதோ தோன்றி, ஒலியை முழுவதும் இடப்பக்கம், அவர் கதவோரம் தள்ளினேன்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “ஏம்மா, இவ்ளோ வேகமாவா பேசுற?” என்றார்.

இத்தனை ஆண்டில் அப்பாவிடமிருந்து வந்த முதல் விமர்சனம். லோரியில் அவருடைய வலப்பக்க சன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். காற்றும் ஹாரனும் அந்தக் காதில்தான். நானோ அவரை ஏற்றிச் செல்லும்போதெல்லாம் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, கேட்காத காதோடு பேசிவிட்டு, ‘என் வேலையில் அவருக்கு ஆர்வமில்லை’ என்று மனத்துக்குள் வருத்தப்பட்டிருக்கிறேன்.

தே தாரிக் குடிக்கும்போது அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்து ஒன்றைச் சொன்னேன். 2016இல் வந்த ஈ கிளாஸில் ஒரு வசதி அறிமுகமானது. மோதல் வரப்போவதைக் கார் உணர்ந்தால், ஒலிபெருக்கி ஒரு கணம் இரைச்சல் எழுப்பும். அதைக் கேட்டதும் காதுக்குள் இருக்கும் சின்னத் தசை இறுகி, அடுத்து வரும் பெருஞ்சத்தத்திலிருந்து உள்காதைக் காக்கும்.

“எனக்கு முப்பது வருசத்துக்கு முன்னாடியே அந்த இரைச்சலப் போட்டிருக்கணும்” என்று சிரித்தார்.

வீடு திரும்பியதும் காதைக் காட்ட மருத்துவரிடம் போவதாக ஒத்துக்கொண்டார். அதுவரை அவரைப் பின்னால், எனக்கு நேர் பின் இருக்கையில் உட்காரச் சொன்னேன். அங்கே இடது காது காரின் உட்பக்கம் இருக்கும்.

“பின்னால எதுக்கு வார்?” என்றார். 2009 முதல் பின்னாலும் கட்டாயம் என்றேன். அசையவில்லை. வார் போடாதவர் மோதலில் முன் இருக்கையில் போய் விழுவார் என்றேன்.

“முன்னால நீதான இருக்க?”

‘டக்’ என்று பூட்டுகிற சத்தம் கேட்டது.

“சரி, இப்ப சொல்லு. போன வாரம் ரேடியோவுல என்ன பேசின?”