ஒரே ஒரு ஞாயிறு!

மனைவி, அம்மா, இரண்டு வாண்டுகள் சகிதம் கடலூர் முதுநகர் ஸ்டேஷனில் இறங்கியாச்சு. கையில் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. 'எல்லாத்தையும் பார்த்துடலாம்' என்று மட்டும் வாயை விடாதீர்கள். பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும்!

தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டை? 1690-ல் வெள்ளைக்காரன் மராட்டியரிடம் வாங்கியது. பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை சொந்தம் என்று பேரம்! 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தகர்த்துவிட்டார். மிச்சம் சொற்பம். உங்களுக்குப் புல்லரிக்கும், வாண்டுகள் 'கோட்டை எங்கேப்பா?' என்பார்கள்.

கங்கைகொண்ட சோழபுரம்? ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் இன்றும் கம்பீரம். பக்கத்து மாளிகைமேட்டில் அவன் அரண்மனையோ வெறும் செங்கல் அடித்தளம். சாமிக்குக் கருங்கல், தனக்குச் செங்கல்! அவசியம் பாருங்கள், ஆனால் அதற்கென்று தனி நாள் ஒதுக்கி.

குடும்பத்தோடு என்றால் என் ஓட்டு சிதம்பரத்துக்கு. காலையிலேயே நடராஜரைத் தரிசித்துவிடுங்கள். மதியம் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள். அந்த இடைவெளிக்குத்தான் பிச்சாவரம். சுரபுன்னை நிழலில் படகு சவாரி. 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' எடுத்த இடம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், முட்டிவலி பறந்துவிடும்!

விட்டுப்போன இடங்களா? சோழபுரம் ஆயிரம் வருஷமா அங்கேயேதான் இருக்கு. அடுத்த லீவுக்கும் இருக்கும்.