ஈர உடையா, உலர் உடையா?

தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்களுக்கு உடை ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. கல் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பத்துப் பாகம் இறங்கி, ஒரே மூச்சில் சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிடுவார்கள். 1955 முதல் 1961 வரை நடந்த கடைசி முத்துக்குளிப்புகள் வரை இதே முறைதான். மன்னார் வளைகுடாத் தண்ணீர் 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். இடுப்புத் துணி போதும்.

நார்வே பெர்கனில் வேலை பார்க்கும் என் பேரன் விஷயம் வேறு. அங்கே குளிர்காலத்தில் கடல் 5, 6 டிகிரி. ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீர் மாதிரி. காற்றுக் குப்பியை முதுகில் கட்டிக்கொண்டு முங்கப் பழகப் போகிறானாம். வெட்சூட் வாங்கவா, டிரைசூட் வாங்கவா என்று கேட்டான். "பழகுகிறவனுக்கு வெட்சூட் போதும், விலையும் குறைவு" என்று ஒரு நண்பன் சொன்னானாம். நான் முங்கியது தாமிரபரணியில் மட்டும்தான். ஆனாலும் பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்த காலம் தொட்டு கூஸ்தோவின் கடல் கதைகளை அவனிடம் நிறைய அளந்திருக்கிறேன். பதில் சொல்லாமல் தப்ப முடியாது. ஒரு வாரம் படித்தேன்.

வெட்சூட்டுக்குள் தண்ணீர் புகும். அந்தத் தண்ணீர் சூடாகித்தான் உடம்பைக் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காப்பது நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழ்கள். 1952 வாக்கில் கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் கண்டது இதைத்தான்: குமிழ் இருந்தால் போதும், உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை. ஆனால் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகும், குமிழ் பாதியாகச் சுருங்கும். குளிர் கூடும் இடத்தில் உடை மெலிந்துபோகிறது! மேலே வந்த பிறகும் விடாது. மார்கழியில் நம் ஆற்றில் முங்கும்போது தெரியாத குளிர், கரையேறி ஈரத் துண்டோடு காற்றில் நிற்கும்போது தெரியுமே, அதுதான். பேரனோ படகில் நின்று இரண்டாம் முறையும் இறங்க வேண்டும்.

டிரைசூட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர்ப் பட்டை. உள்ளே கம்பளி உடுப்பு, அதைச் சுற்றிக் காற்று. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். காற்றே நல்ல போர்வை. பிரெஞ்சில் இதற்கு 'எத்தான்ஷ்' என்று பெயர், தண்ணீர் புகாத கைக்கடிகாரத்துக்கும் அதே சொல். ஆங்கிலப் பெயரைவிட இது நேர்மையானது. வியர்வையில் உள்ளே கொஞ்சம் நனையத்தான் செய்யும், 'உலர்' என்பது மிகை.

ஆபத்து இல்லாமல் இல்லை. இறங்க இறங்க மார்பு வால்வு வழியாகக் காற்றை நிரப்ப வேண்டும், ஏறும்போது கை வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். மறந்தால் பலூன் போல மேலே தூக்கிவிடும், நுரையீரலுக்குக் கேடு. காற்று காலுக்குப் போனால் ஆள் தலைகீழ். கழுத்துப் பட்டை அதிகம் இறுகினால் மயக்கம் வரும்.

அப்படியும் டிரைசூட் என்றுதான் சொன்னேன். விரல் மரத்துப்போனால் பழகாதவன் எந்த வால்வையும் திருக முடியாது, புத்தியும் மந்தமாகும். நார்வேயில் முதல் பாடத்தையே டிரைசூட்டில் நடத்துகிறார்கள். அங்கே ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே வால்வு பழகட்டும். உடை வாடகைக்குக் கிடைக்கும், முதல் வருஷம் வாங்கவே வேண்டாம். அந்தமானுக்குப் போனால் 3 மில்லிமீட்டர் வெட்சூட் தாராளம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "அதுக்குள்ள ஒண்ணுக்கு வந்தா பிள்ள என்ன செய்வான்?" என்றாள். அதற்கென்று குழாய் வைத்த வால்வு உண்டு, இல்லாவிட்டால் பெரியவர்கள் டயப்பர் என்றேன்.

"இந்த வயசுல நீங்களே போடல," என்று உள்ளே போய்விட்டாள்.