அடுப்படிச் சுவருக்கு நீலம்

தை மாசம் அடுப்படிக்குப் பெயிண்ட் அடிச்சோம். மூணு சுவர் வெள்ளை, அடுப்புக்குப் பின்னாடி இருக்கிற ஒரு சுவர் மட்டும் வேற கலர். இப்ப அதுதான் வழக்கம்னு மகள் சொன்னாள். அவள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பெயிண்ட் காசும் அவளுடையதுதான். ஷேட் கார்டைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துட்டாள்.

வீட்டுக்காரம்மா விரல் வைத்தது நீலத்தில். லேசா பச்சை ஓடின நீலம். எனக்குச் சுருக்குன்னுச்சு.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட காலத்தில் தோல் பழுப்பா இருக்கும். குரோமியம் உப்பு வந்த பிறகு டிரம்மிலிருந்து வெளியே வர்ற தோல் இதே நீலம்தான். அதுக்குப் பேரே 'வெட் புளூ'. நான் பத்தாவது படிச்சப்ப எங்க வாய்க்காலில் அந்தக் கலரில் தண்ணி ஓடியிருக்கு. அப்புறம் கிணறு உப்பாச்சு. தென்னை குரும்பையிலேயே கொட்டிச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட், மாசு பண்ணினவனே செலவை ஏத்துக்கணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. எங்க கிணத்துத் தண்ணி இன்னைக்கும் குழம்பு வைக்க ஆகாது. கேன் தண்ணிதான்.

"மஞ்சள் எடேன்" என்றேன். சொன்ன உடனே ராணிப்பேட்டை ஞாபகம் வந்துடுச்சு. அங்கே குரோமியக் கழிவு மேட்டுப் பக்கம் நிலத்தடித் தண்ணியே மஞ்சளா வந்ததைப் பார்த்தவன் நான். இப்படிப் பார்த்தா எந்தக் கலரைத்தான் அடிக்கிறது!

"இது அந்த நீலம் இல்லீங்க. எங்கம்மா பொங்கலுக்குச் சுண்ணாம்புல நீலம் கலந்து அடிப்பாங்களே, அது" என்றாள் அவள். மகள் ஒண்ணும் பேசலை. வேலை விட்டு வந்த கையில் பசை காய்ஞ்சு ஒட்டியிருந்தது. அதை உரிச்சிக்கிட்டே உட்கார்ந்திருந்தாள். நானும் அதுக்கு மேல பேசலை.

நீலமே அடிச்சோம். புட்டி, பிரைமர், அதுக்கு மேல துடைச்சா போற மாதிரி எமல்ஷன் ரெண்டு கோட். எண்ணெய், மஞ்சள் தெறிச்சாலும் ஈரத்துணி போதும். நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக் கூடாது. காலையில் கிழக்கு ஜன்னல் வெளிச்சம் அதில்தான் விழுது.

பெயிண்டர் அப்பவே ஒண்ணு சொன்னார், கிணத்துத் தண்ணியில் பூசின சுவர் உப்பு கக்கும்னு. ஆடி பொறந்ததும் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையா பூத்து, பெயிண்ட் பொரிப் பொரியா உரியுது. வீட்டுக்காரம்மா அரிசி டிரம்மை நகர்த்தி அங்கே வச்சிருக்காள்.